ஒரு நிறுத்தம் பின்னே போக ஒன்பது நிறுத்தம் முன்னே

எங்கள் ஊர் சிவன் கோயிலில் ஒரு மழைக்கால மாலை. அம்மா தட்சிணாமூர்த்தி சன்னிதியில் குடையைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கும்பிட்டாள். மூலை திரும்பி லிங்கோத்பவரிடம் வந்து கைகூப்பும்போதுதான் கையில் குடை இல்லை என்று தெரிந்தது. இருபது அடி தூரம்கூட இருக்காது. “நான் ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்” என்றேன். “வந்த வழியே திரும்பக் கூடாதுடா. சுத்திக்கிட்டே போவோம், எங்க போயிடப் போகுது” என்றாள். பிரம்மா, துர்க்கை, சண்டிகேசுவரர், கொடிமரம், பிள்ளையார் என்று முழுச் சுற்றும் வந்துதான் குடையை எடுத்தோம். இருபது அடிக்காக இருநூறு அடி நடை.

அம்மாவுக்குச் சாஸ்திரம் காரணம். அமெரிக்காவில் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் 1974 முதல் 2005 வரை பயணிகள் ரயிலேறி இதே பிரதட்சிணத்தைச் செய்தார்கள். அவர்களுக்குத் தடத்தின் வடிவம் காரணம். பக்கத்து முனையம் கண்ணாடி வழியே தெரியும். ஆனால் அது வண்டி போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருந்துவிட்டால் ஊரைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

விமான நிலையத்துக்குள் ஓடும் ஓட்டுநர் இல்லாத இந்தக் குட்டி ரயில்களைச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பார்த்திருப்பீர்கள். ஏறியதும் கம்பியைப் பிடிக்கிறோம், ஒரு பெண் குரல் எதையோ அறிவிக்கிறது, கதவு திறக்கிறது, இறங்கிவிடுகிறோம். ஊரில் ஓடும் மெட்ரோவோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஓரிரு கிலோமீட்டர் தடத்தை எந்த வடிவில் போடுவது என்பதில் ஒளிந்திருக்கும் கணக்கு சுவையானது. சமன்பாடு எதுவும் வேண்டாம். விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் டாலஸ். 1974 ஜனவரியில் அந்த விமான நிலையம் திறந்தபோது அதன் பரப்பு நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரிது. முனையங்கள் அரைவட்ட வடிவில் இருந்தன. காரில் வருகிறவர் அரைவட்டத்தின் உட்புறத்தில் காரை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தால் விமானத்தின் வாசல் வந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பி விமானம் ஏறுகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. இந்த முனையங்களையும் தூரத்து வாகன நிறுத்தங்களையும் ஓட்டலையும் இணைக்க ‘ஏர்டிரான்ஸ்’ என்ற தானியங்கி வண்டிகளை விட்டார்கள். ஏறத்தாழ 13 மைல் தடம், மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். ஆட்கள் போவதற்கு மட்டுமென்று அதைத் திட்டமிடவில்லை. தபால், பெட்டிகள், கடைச் சரக்கு, குப்பை எல்லாமே அதே தடத்தில் தனி வண்டிகளில் போகும் என்று கனவு கண்டார்கள். வழித்தடங்கள் பல. அவை ஓடியதோ ஒற்றைத் தடத்தில், ஒரே திசையில் சுழலும் வளையங்களாக. இதை ஒருவழி வளையம் என்போம்.

ஏன் ஒருவழி? மலிவு. ஒரு தடம் போட்டால் போதும். நிலையத்தில் ஒரு நடைமேடை போதும். கடைசி நிறுத்தம் என்று ஒன்று இல்லாததால் வண்டியைத் திருப்பும் வேலை இல்லை. எதிரே வண்டி வராது. இத்தனை நன்மைகள் உள்ள ஒன்றைப் பொறியாளர் ஒருவர் தேர்ந்தெடுத்ததில் தப்புச் சொல்ல முடியாது.

இப்போது எண்ணிப் பார்ப்போம். வளையத்தில் சம இடைவெளியில் 10 நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றில் நிற்கிறீர்கள். போகவேண்டிய இடம் மற்ற ஒன்பதில் எதுவாகவும் இருக்கலாம். ஒருவழியில் முதலாவதற்கு ஒரு தாவல், இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே கடைசிக்கு ஒன்பது. கூட்டினால் 45, ஒன்பதால் வகுத்தால் சராசரி 5 தாவல். அதே வளையத்தில் எதிர்த்திசைக்கும் ஒரு தடம் போட்டால், வலப்பக்கம் கிட்டமோ இடப்பக்கம் கிட்டமோ பார்த்து ஏறுவீர்கள். தாவல்கள் 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1. கூட்டினால் 25, சராசரி 2.8-க்கும் சற்றுக் குறைவு. அதிகபட்சம் ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது. வண்டியின் வேகத்தில் நாம் கைவைக்கவே இல்லை.

ஒருவழி வளையத்துக்கு இன்னொரு வேடிக்கையான குணமும் உண்டு. ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போகும் நேரத்தையும் ‘ஆ’விலிருந்து ‘அ’வுக்குத் திரும்பும் நேரத்தையும் கூட்டினால், எந்த இரண்டு நிலையங்களாக இருந்தாலும் விடை ஒன்றுதான்: ஒரு முழுச் சுற்று. போகும்போது அதிர்ஷ்டம் அடித்தவர் வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும்.

வீட்டிலிருந்து வந்து விமானம் ஏறுகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. அவர் ரயிலில் ஏறவேண்டிய அவசியமே அநேகமாக இல்லை. நிலைமை மாறியது 1978-இல். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தளர்த்தியது. எந்த நிறுவனமும் எந்த ஊருக்கும் பறக்கலாம் என்றானதும் நிறுவனங்கள் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போல வலை பின்னின. எல்லா ஊர்களிலிருந்தும் விமானங்கள் ஒரு பெரிய நிலையத்துக்கு வரும். அங்கே பயணிகள் விமானம் மாறுவார்கள். பிறகு எல்லா ஊர்களுக்கும் விமானங்கள் பிரிந்து போகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1979-இல் தலைமையகத்தையே டாலஸ் பகுதிக்கு மாற்றிக்கொண்டு, 1981-இல் அந்த நிலையத்தைத் தன் குடமாக ஆக்கிக்கொண்டது.

அவ்வளவுதான், அரைவட்டங்களின் அழகு போய்விட்டது. ஒரு முனையத்தில் இறங்கி இன்னொன்றில் முக்கால் மணி நேரத்துக்குள் ஏறவேண்டிய ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கார் நிறுத்தம் பக்கத்தில் இருந்து என்ன பயன்? அவர்களுக்கு வேண்டியது முனையத்திலிருந்து முனையத்துக்கு விரைவான வழி. கிடைத்ததோ 27 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பிரதட்சிணம். ஒருவழி வளையத்தில் முன்னால் போகும் வண்டி பழுதானால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். பிரகாரத்தில் யாராவது நமஸ்காரம் செய்யக் குறுக்கே விழுந்தால் பின்வரிசை நிற்பதுபோல.

2005 மே மாதம் ‘ஸ்கைலிங்க்’ வந்தது. அதுவும் வளையம்தான். ஆனால் இருவழி வளையம். ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் சுற்றளவு, 5 முனையங்கள், முனையத்துக்கு இரண்டாகப் 10 நிலையங்கள். இரண்டு திசையிலும் சுமார் 2 நிமிடத்துக்கு ஒரு ரயில். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். மிகத் தொலைவான இரண்டு நிலையங்களுக்கு நடுவே 9 நிமிடம். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதிக்குள்ளேயே ஓடுவதால் விமானம் மாறுகிறவர் மறுபடி வரிசையில் நிற்கவேண்டாம். புதிய வண்டியின் வேகம்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அதே வேக வண்டியை ஒருவழி வளையத்தில் ஓடவிட்டிருந்தால் ஒரு நிறுத்தம் பின்னால் போகிறவருக்கு 16 நிமிடம் ஆகியிருக்கும். இப்போது 2 நிமிடம்கூட ஆகாது. என்னைக் கேட்டால் மோட்டாருக்குப் போகவேண்டிய மாலையில் பாதியையாவது இரண்டாவது தடத்துக்குப் போடவேண்டும்.

இந்தப் பாடத்தை எல்லாரும் டாலஸில் பட்டுத்தான் கற்றார்கள் என்றில்லை. டாலஸுக்கு மூன்று ஆண்டு முன்பே, 1971-இல், ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் விமான நிலையத்துக்கான முதல் தானியங்கி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் வடிவம் வளையத்துக்கு நேர்மாறானது.

அந்த வண்டியின் பிறப்புக் கதையும் சொல்லவேண்டியதுதான். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1965-இல் பிட்ஸ்பர்க் அருகே சவுத் பார்க்கில் கான்கிரீட் பாதையில் ரப்பர் சக்கரங்களில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ஒரு வண்டியைக் காட்சிக்கு விட்டது. ‘ஸ்கைபஸ்’ என்று பெயர். ஊருக்கான போக்குவரத்து இதுதான் என்று நம்பினார்கள். பிட்ஸ்பர்க் நகரம் விவாதித்து விவாதித்துக் கடைசியில் கைவிட்டது. ஊர் வேண்டாம் என்றதை அதற்குள் விமான நிலையம் எடுத்துக்கொண்டிருந்தது. டாம்பாவின் திட்டக்காரர்கள் ஒரு விதியில் பிடிவாதமாக இருந்தார்கள்: காரிலிருந்து விமானம் வரை பயணி 700 அடிக்கு மேல் நடக்கக் கூடாது. அதற்காக முனையத்தை உடைத்து, நடுவில் ஒரு பெரிய கட்டடம், சுற்றிலும் விமானங்கள் நிற்கும் சிறிய கட்டடங்கள் என்று பிரித்தார்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மீட்டர் பாலம், பாலத்தில் இரண்டு தடம், தடத்துக்கு ஒரு வண்டி. வண்டி போகும், வரும். வேறு எங்கும் போகாது. அங்குள்ளவர்கள் அதைப் படுக்கைவாட்டு லிஃப்ட் என்றார்கள். நடைமேடையிலும் கதவு, வண்டியிலும் கதவு, இரண்டும் சேர்ந்து திறக்கும். லிஃப்ட் போலவேதான்.

இந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் ‘ஷட்டில்’. அது தறியிலிருந்து வந்த சொல். பாவுக்குள் ஊடை நூலை இழுத்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடும் கட்டையை நம் நெசவாளர்கள் நாடா என்கிறார்கள். ஆகவே இதை நாடா முறை என்றே தமிழில் சொல்லலாம். காஞ்சிபுரத்துக்காரருக்கு விளக்கமே தேவைப்படாது.

நாடா முறையின் அருமை எளிமை. இரண்டு தடமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரு வண்டி நின்றால் மற்றது ஓடும். தடம் மாற்றும் கருவி வேண்டாம். இன்னும் சிக்கனம் வேண்டுமா? தடத்தை ஒன்றாகப் போட்டு நட்டநடுவில் மட்டும் இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கலாம். இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பும் வண்டிகள் அந்தப் பிரிவில் ஒன்றையொன்று தாண்டும். கிணற்று ராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டினால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் இரண்டும் சந்திக்கும், அதுபோல. பினாங்கு மலை ரயிலில் ஏறியவர்கள் இந்தச் சந்திப்பைப் பார்த்திருப்பார்கள். டெட்ராய்ட் விமான நிலையத்தில் கட்டடத்துக்குள்ளேயே, நடக்கிறவர்களின் தலைக்கு மேலே, இப்படி ஒரு சிவப்பு ரயில் 2002 முதல் ஓடுகிறது. அதை இழுப்பதும் கயிறுதான், எஃகுக் கயிறு. வண்டிக்குள் மோட்டாரே இல்லை.

எளிமைக்கு விலை உண்டு. தடம் நீள நீளக் காத்திருப்பும் நீளும். 300 மீட்டர் தடத்தில் போக ஒரு நிமிடம், நின்று ஆட்களை மாற்ற அரை நிமிடம், ஆக ஒரு வண்டி போய்த் திரும்ப 3 நிமிடம். இரண்டு வண்டி இருப்பதால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று வரும். தடத்தின் நீளம் ஐந்து மடங்கானால், நீண்ட தடத்தில் வண்டி வேகமெடுத்து ஓடி, போய்த் திரும்ப 6 நிமிடமே ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், 3 நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். கூட்டம் அதிகமானால் மூன்றாவது வண்டி விடலாமே என்றால் இடமில்லை. ஒரு தடத்தில் ஒரு வண்டிதான்.

ஒன்று நின்றால் மற்றது ஓடும் என்ற காப்பும் இரண்டும் ஒரே வயதில் கிழமாகும்வரைதான். கோலாலம்பூர் நிலையத்தின் ஏரோட்ரெயின் 1998-இல் தொடங்கியது. முதன்மைக் கட்டடத்துக்கும் கிளைக் கட்டடத்துக்கும் நடுவே 1.2 கிலோமீட்டர், விமானங்கள் நகரும் பாதைக்கு அடியில் புகுந்து வெளியே வரும் தடம், இரண்டு வண்டிகள். நடந்து போக வழி கிடையாது. 2023 மார்ச் 1 அன்று 114 பயணிகளோடு வண்டி நடுவழியில் நின்றுபோனது. அடுத்த நாளிலிருந்து சேவையே நிறுத்தப்பட்டது. புது ரயில்கள் வந்து ஓடத் தொடங்கியது 2025 ஜூலை 1-இல். இடையில் இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்த 1.2 கிலோமீட்டருக்குப் பேருந்துதான்.

வளையமும் வேண்டாம், இரண்டு வண்டி நாடாவும் போதாது. அப்போது என்ன செய்வது? அட்லாண்டாவைப் பார்க்கவேண்டும்.

ஒரு ரப்பர் பேண்டை இரண்டு ஆள்காட்டி விரல்களில் மாட்டி இழுத்துப் பாருங்கள். வட்டமாக இருந்தது ஒட்டிய இரண்டு கோடுகளாகிவிடும். மேல் கோட்டில் போகும் எறும்பு விரலைச் சுற்றிக் கீழ்க்கோட்டில் திரும்பி வரும். வளையம் வளையமாகவே இருக்கிறது, ஆனால் ஒரு நேர்கோட்டின் இடத்தில் அடங்கிவிட்டது. பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் கிள்ளிய வளையம் எனலாம். விரல் இருக்கும் இடத்தில் வளைவுப் பாதைக்குப் பதிலாகத் தடம் மாற்றும் கருவி இருக்கும். ரயில் கடைசி நிலையத்துக்கு வந்து, எதிர்த்தடத்துக்குத் தாவி, வந்த முகமாகவே திரும்பும். ஓட்டுநர் இல்லாததால் அவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போக ஆகும் நேரம் மிச்சம்.

அட்லாண்டாவின் நடுக்கள முனையம் 1980 செப்டம்பரில் திறந்தபோது அதை விமானம் மாறுகிறவர்களுக்கென்றே வரைந்திருந்தார்கள். நீண்ட கட்டடங்கள் மீன்முள் போல இணையாகக் கிடக்கின்றன. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் 300 மீட்டர் இடைவெளி, விமானங்கள் இருபுறமும் நின்று நடுவில் நகர்வதற்காக. எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு பூமிக்கடியில் முதுகெலும்பாக ‘பிளேன் டிரெயின்’. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில், ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. கட்டடங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். விமானத் துறையில் ‘டி’ எழுத்தை ‘டெல்டா’ என்று சொல்வது வழக்கம். இந்த ரயிலின் குரல் மட்டும் ‘டேவிட்’ என்கிறது. டெல்டா ஏர்லைன்ஸின் தலைமை இடமான ஊரில், டெல்டா என்றால் பாதிப் பயணிகள் அங்கேயே இறங்கிவிடமாட்டார்களா!

கிள்ளிய வளையத்தில் எத்தனை ரயிலை வேண்டுமானாலும் விடலாம் என்று தோன்றும். விட முடியாது. தடை இருப்பது முனையில். ஒரு ரயில் தடம் தாவி முடிக்கும்வரை அடுத்தது உள்ளே வர முடியாது. குறுகிய சந்தின் முனையில் ஒரு லாரி திரும்பும்போது பின்னால் நிற்கும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் ரயிலை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் முனையில் திரும்பும் நேரம் குறையாவிட்டால் இரண்டு ரயிலுக்கு நடுவிலான இடைவெளி நேரம் குறையாது. நேர்கோட்டின் மற்றொரு குறை, நிலையங்கள் எல்லாம் சமமில்லை. முதல் நிலையத்தில் நகரத்திலிருந்து வந்தவர்கள் ஏறி நிரப்பிவிட்டால் இரண்டாவது நிலையத்துக்காரர் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். கோயம்பேட்டில் நிரம்பிய பேருந்தை வடபழனியில் பிடிக்க முயன்றவருக்கு இது தெரியும்.

இதெல்லாம் சரி, எத்தனை ரயில் வாங்கவேண்டும், நடைமேடை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை எப்படி முன்கூட்டியே அறிகிறார்கள்? கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுரங்கம் தோண்ட முடியாதே.

ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிமிடத்துக்கு இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் சராசரியாக 20 நிமிடம் உள்ளே இருக்கிறார். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்? நாற்பது. நாற்காலிகளை எண்ண வேண்டாம், யார் சீக்கிரம் சாப்பிடுகிறார், யார் இரண்டாம் முறை ரசம் கேட்கிறார் என்று பார்க்க வேண்டாம். வருகிற வேகத்தையும் தங்குகிற நேரத்தையும் பெருக்கினால் போதும். கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கூட்டம் எந்த ஒழுங்கில் வந்தாலும், நீண்டகாலச் சராசரியில் இது பொருந்தும் என்பதை 1961-இல்தான் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் முறையாக நிரூபித்தார். லிட்டில் விதி என்று பெயர்.

நடைமேடைக்கும் இதே கணக்கு. நிமிடத்துக்கு 60 பேர் வருகிறார்கள், சராசரியாக இரண்டு நிமிடம் நிற்கிறார்கள் என்றால் 120 பேர் தங்கள் பெட்டிகளோடு நிற்க இடம் வேண்டும். ரயில்களுக்கும் அதே. டாலஸ் வளையத்தில் பாதிச் சுற்றுக்கு 9 நிமிடம், முழுச் சுற்றுக்கு 18. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வேண்டுமென்றால் ஒரு திசையில் 9 ரயில், இரு திசைக்கு 18. மெஸ்ஸில் மனிதர்கள் இருந்த இடத்தில் ரயில்களை வைத்தோம், அவ்வளவே. பழுதுபார்க்க ஒதுங்கும் வண்டிகளுக்காக இதற்கு மேலும் வாங்கவேண்டும்.

சராசரி மட்டும் தெரிந்தால் ஏமாந்துபோவோம். குட நிலையங்களில் விமானங்கள் அலை அலையாக வரும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. ஒரு பந்தி எழுந்ததும் கை கழுவும் இடத்தில் நூறு பேர், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. ரயிலின் அளவை நிர்ணயிப்பது ஒரு நாளில் எத்தனை லட்சம் பேர் என்பது அல்ல. அலை அடிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை பேர் என்பதுதான். ஆகவே திட்டமிடுகிறவர்கள் விமான அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு விமானத்தையும் கணினியில் இறக்கி, அதிலிருந்து வெளிவருகிறவர்களைத் தனித்தனியாக நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இளைஞர் வேகமாக, முதியவர் மெதுவாக, குழந்தையோடு வருகிறவர் இடையில் நின்று. நடை வேகம் எல்லாம் நிலையத்தில் ஆள் நிறுத்தி அளந்தவை.

உங்கள் கையில் கடிகாரம் இருந்தால் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். ரயில் வரும் நேரங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடம்தானே? இடைவெளிகள் சமமாக இருந்தால் மட்டும். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி இடைவெளி அப்போதும் இரண்டுதான். ஆனால் நீங்கள் வந்து சேரும் கணம் நீண்ட இடைவெளிக்குள் விழ வாய்ப்பு நான்கில் மூன்று. அதில் சராசரியாக ஒன்றரை நிமிடம் நிற்பீர்கள். குறுகிய இடைவெளிக்குள் விழுந்தால் அரை நிமிடம். மொத்தத்தில் ஒன்றேகால் நிமிடம். ஒரு ரயிலைக்கூடக் குறைக்கவில்லை, ஒழுங்கு குலைந்ததற்கே கால்வாசி அபராதம். பேருந்து எப்போதும் நமக்கு மட்டும் தாமதமாக வருவதாகத் தோன்றுவது பிரமை இல்லை.

ஒழுங்கு குலைவது தானாகவே வளரவும் செய்யும். சற்றுத் தாமதமான வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம் அதிகம், ஏற நேரம் அதிகம், இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கோ கூட்டம் குறைவு, அது முன்னதை எட்டிப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு ஒரே எண் பேருந்து இரண்டு ஒட்டிக்கொண்டு வருவது இப்படித்தான். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். விமான நிலைய ரயிலில் கணினி எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால், வேகமாக வரும் வண்டியை ஒரு நிலையத்தில் சில நொடி பிடித்து வைத்துச் சரிசெய்கிறது. ஆளே ஏறவில்லை, கதவும் திறந்தே கிடக்கிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை என்று நாம் எரிச்சல்படும் கணம் பெரும்பாலும் இதுதான்.

நிற்கும் நேரத்தைக் குறைக்க இன்னொரு தந்திரம் இருபுறக் கதவு. ஒரு பக்கம் கதவு திறந்து இறங்குகிறவர்கள் வெளியேற, சில நொடி கழித்து மறுபக்கம் திறந்து ஏறுகிறவர்கள் வருவார்கள். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் தோளோடு தோள் மோதுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவரும் புறப்படப் போகிறவரும் கலந்துவிடக் கூடாது என்ற சுங்கத்துறைக் கவலைக்கும் இது தோதாக அமையும்.

இவ்வளவு செய்தும் ரயில் தோற்கும் இடம் ஒன்று உண்டு. நடைமேடைக்கு இறங்கவும் மறுமுனையில் ஏறவும் 2 நிமிடம், காத்திருப்பு ஒன்றரை, பயணம் ஒன்று. கூட்டினால் நாலரை நிமிடம். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று சாதாரணமாக நடந்தாலே அதற்குள் 360 மீட்டர் போய்விடலாம். அதற்குக் குறைவான தூரத்துக்குப் போட்ட ரயில், நடக்க முடிந்தவருக்கு உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. கால் வலியை மட்டும் மிச்சப்படுத்தும்.

ஜப்பானின் நரிட்டா நிலையத்தில் இரண்டாம் முனையத்தின் முதன்மைக் கட்டடத்தையும் கிளைக் கட்டடத்தையும் இணைக்க 1992-இல் ஒரு ரயில் விட்டார்கள். சக்கரமே இல்லை. மெல்லிய காற்று மெத்தையில் மிதந்தபடி எஃகுக் கயிறு இழுக்க வழுக்கிக்கொண்டு போகும். தூரம் 300 மீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ இருபத்தோரு ஆண்டு ஓடியது. 2013 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டு, அதே தூரத்துக்கு நகரும் நடைபாதைகள் பதித்த ஒரு நீண்ட தாழ்வாரத்தைத் திறந்தார்கள். இப்போது அங்கே யாரும் வண்டிக்குக் காத்திருப்பதில்லை. குடையை மறந்தவர் அப்படியே திரும்பி நடக்கலாம்.